ஆடிய அணிக்கே ஆசானானவர்

ஆட்டக்களத்திலே பந்தை அடித்து வெற்றி தேடுவது ஒரு கலை. களத்துக்கு வெளியே நின்று, பிறரை ஆடச்செய்து வெற்றி தேடுவது வேறொரு கலை. முன்னையதில் வல்லவர் யாவரும் பின்னையதில் வல்லவராவதில்லை. இரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற பெண்மணி ஒருவரின் கதையை ஈண்டுக் கூறுவோம்.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரைச் சேர்ந்தவர் கேற்றி ஷூமேக்கர். பென்சில்வேனியா மாநிலச் சர்வகலாசாலையில் மாணவியாயிருந்த காலத்தில், அதன் மகளிர் கரப்பந்தாட்ட அணியிலே முன்னணி வீராங்கனையாக விளங்கினார். 1997, 1998 ஆகிய ஈராண்டுகளிலும் அவ்வணி தேசிய இறுதியாட்டம்வரை சென்று தோல்வி கண்டிருந்தது. 1999ஆம் ஆண்டிலே ஸ்டான்போர்ட் அணியை வென்று முதன்முறையாகப் பட்டம் சூடியது. அவ்வெற்றியிற் பங்கு கொண்டவர் கேற்றி.

படிப்பு முடிந்தபின் பயிற்றுநர் தொழிலை மேற்கொண்டார். இலினோய் சர்வகலாசாலையின் சிக்காகோ வளாக அணியைப் பல ஆண்டுகள் பயிற்றிய பின்னர், 2018இல் தாம் ஆடிய அணிக்கே உதவிப் பயிற்றுநராகத் திரும்பி வந்தார். அங்கே தலைமைப் பயிற்றுநராயிருந்தவர் ரஸ் றோஸ். 1979 தொடக்கம் 2021 வரை 43 பருவங்கள் அப்பதவியிலிருந்து, ஏழு தேசியப் பட்டங்களை ஈட்டிக்கொடுத்தவர். கேற்றியின் ஆசானும் அவரே. ஆசான் ஓய்வுபெற, 2022இல் அப்பொறுப்பு மாணவியின் கைக்கு வந்தது.

பெருமை மிக்க ஒருவர் இருந்த ஆசனத்தில் அமர்வது எளிதன்று. அன்றியும், தேசியப் போட்டி தொடங்கிய 1981 முதல் 2023 வரை, பெண்கள் ஆடும் அவ்வாட்டத்திற் பெண் தலைமைப் பயிற்றுநர் எவரும் பட்டம் வென்றதில்லை!

2024ஆம் ஆண்டுப் பருவத்தின் நடுவே பேரிடி வந்து வீழ்ந்தது. மூன்று பெண் மக்களுக்குத் தாயான கேற்றிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் கூறினர். அவர் நோயை மறைக்கவுமில்லை, பணியைத் துறக்கவுமில்லை. மருந்தின் கடுமையால் தலைமயிர் உதிர்ந்தது. அந்நிலையிலும் அணியுடன் களத்தோரத்தில் நின்றார்.

அவ்வாண்டு டிசெம்பரில், அரையிறுதியாட்டத்திலே நெப்ராஸ்கா அணி முதலிரு சுற்றுகளையும் வென்றுவிட்டது. இனி மீட்சியில்லை எனப் பலரும் எண்ணியிருக்க, கேற்றியின் மாணவிகள் அடுத்த மூன்று சுற்றுகளையும் கைப்பற்றினர். இறுதியாட்டத்தில் எதிர்நின்றது லூயிவில் அணி. ஆட்டம் நடந்ததும் அதே லூயிவில் நகரிலேதான். அவ்வணிக்கும் தலைமைப் பயிற்றுநர் ஒரு பெண். டானி புஸ்பூம் கெலி என்பவர். ஆகவே எவ்வணி வென்றாலும் வரலாறு மாறுவது உறுதியாயிற்று. 3–1 என்ற கணக்கில் கேற்றியின் அணி வாகை சூடியது.

தோற்ற டானியின் கதையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், நெப்ராஸ்கா அணி அவரைத் தலைமைப் பயிற்றுநராக அழைத்தது. 2006இல் அவர் வீராங்கனையாக நின்று தேசியப் பட்டம் வென்ற அணி அதுவே!

கல்லூரியை விட்டு நீங்குவதோடு அதற்கும் நமக்குமுள்ள தொடர்பு அற்றுவிடுவதில்லை. பெற்றதைப் பின்வருவோர்க்குத் திருப்பி அளிக்கும் வாய்ப்பு எவருக்கும் வரலாம். அந்நாளுக்கு நம்மை ஆயத்தஞ் செய்துகொள்வதே மாணவப் பருவத்தின் கடன்.