கல்லில் பதிந்த கரையோர முகங்கள்

கோட்டுச்சேரியில் இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’தான். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போய்விட்டது. ‘கொம்யூன்’ என்ற சொல் மட்டும் போகவில்லை. அவர்கள் இங்கே விட்டுப்போனது அது. இங்கிருந்து கொண்டுபோனவற்றில் ஒன்று, முகங்கள்!

1827-ல் பாரீசில் ‘லாந்த் ஃபிரான்சேஸ்’, அதாவது ‘பிரெஞ்சிந்தியா’ என்ற படத்தொகுப்பு வெளிவரத் தொடங்கியது. ஆங்கிலேயர் கையிலிருந்து காரைக்கால் மீண்டும் பிரான்சுக்குத் திரும்பி அப்போது பத்து வருஷம்தான். 1835 வரை தவணை தவணையாக 144 படங்கள் வந்தன. பிரெஞ்சுப் பகுதிகளிலும் சோழமண்டலக் கரையிலும் மலபாரிலும் வாழ்ந்தவர்களின் தெய்வங்கள், கோயில்கள், உடைகள், பாத்திரங்கள், ஆயுதங்கள்... கூடவே ‘முகத்தோற்றங்கள்’ என்று தலைப்பிலேயே தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஓவியர் ஜெரான்ஜே, பதிப்பாளர் ஷாப்ரெலி. விளக்கம் எழுதியவர்களில் ஒருவர் சமஸ்கிருத அறிஞர் யூஜின் புர்னூஃப். வேடிக்கை என்னவென்றால், புர்னூஃப் கடைசிவரை இந்திய மண்ணை மிதித்ததே இல்லை!

எல்லாம் லித்தோ, அதாவது கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த மைக்குச்சியால் வரைவார்கள். கல்லை ஈரமாக்கி அச்சுமையை உருட்டினால், கோடுகளில் மட்டும் மை பிடிக்கும். எண்ணெய் தேய்த்த தலையில் தண்ணீர் ஒட்டாதே, அதே சங்கதிதான். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் சிவகாசி காலண்டரின் ஆப்செட் அச்சுக்கும் இதுதான் மூலம்.

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். அதனால் அந்தக் காலத்துச் சாதாரண சனங்களின் முகம் நமக்குக் கிடைப்பது இதுபோன்ற படங்களில்தான். ஐரோப்பியக் கை வரைந்தது. அப்படியே நம்பிவிடவும் முடியாது.

என்றாலும் இந்தத் தாள்களுக்குக் கடல் தாண்டியும் ஒரு மதிப்பு உண்டு. 1850-களிலிருந்து காரைக்காலில் கப்பலேறி, மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள் பலர். ஒப்பந்தத்தில் போனவர்களில் பெரும்பாலோரிடம் பெற்றவர்களின் படம் ஏது? பேரப்பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியும், தமிழ் தெரியாது. தாத்தாவின் தாத்தா எப்படி இருந்திருப்பார் என்று தேடினால், அவர்களுக்கும் கோட்டுச்சேரிக்காரருக்கும் எதிர்ப்படுவது ஒரே தொகுப்புதான்.

இப்போது அது இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. கைபேசியில் விரலால் பெரிதாக்கி, தலைப்பாகையை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள், சேலையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.