மருத்துவமனைச் சுவருக்கு எந்த ஓவியம்?

நோயுற்றுப் படுக்கையில் கிடப்பவன் நாள் முழுதும் காண்பவை இரண்டே: எதிர்ச் சுவரும் மேற்கூரையும். ஆயினும் மருத்துவமனை கட்டுவோர் அந்தச் சுவரைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு முதல்நாள், கடையில் வாங்கிய சுவிட்சர்லாந்துப் பனிமலை ஒன்று ஆணியில் ஏறிவிடுகிறது!

இஃது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டோரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர் 23 பேர். செங்கற்சுவரைக் கண்டவர் 23 பேர். முன்னவர் சராசரியாக 7.96 நாள் தங்கினர், பின்னவர் 8.70 நாள். வலியடக்கும் கடுமருந்தும் முன்னவர்க்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் 'சயன்ஸ்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

சன்னல் வேறு, படம் வேறு அன்றோ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பின்னர் சுவீடனின் உப்சலா நகரில் இதய அறுவை செய்துகொண்டோர் முன் அவரே படங்களை வைத்துப் பார்த்தார். நீரும் மரமும் கொண்ட காட்சி அச்சத்தைத் தணித்தது. நேர்கோடுகளாலான அருவ ஓவியமோ வெறுமையான சுவரைவிட அச்சத்தை மிகுவித்தது.

நீருக்கும் மரத்துக்கும் நாம் எங்கும் கையேந்த வேண்டியதில்லை. ஏரிக்கரைப் பனைவரிசை உண்டு. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. சித்தன்னவாசல் விதானத்தில் மீனும் யானையும் நீர்ப்பறவைகளும் சூழத் தாமரைக்குளம் தீட்டிய ஓவியன் நம் நாட்டவனே. தெள்ளாறெறிந்த நந்திவர்மனின் ஊராயிற்றே, போர்க்காட்சி தீட்டலாமே என்று எவரேனும் முன்வரக்கூடும். வரலாற்று மாணவர் மன்னிக்க. குருதி காணும் இடத்தில் குருதிப் படம் வேண்டாம்.

என் உள்ளம் நாடுவது ஆரணித் தறியை. மயிலும் மாங்காயும் அன்னமும் சேலைக் கரையில் நெடுங்காலமாக வாழ்கின்றன. ஜக்கார்டு தறியில் நெய்யும் உருவத்தை முதலில் கட்டத்தாளில் கட்டம் கட்டமாக வரைவர். அதைப் பார்த்தே அட்டையில் துளையிடுவர். அந்தக் கட்டம் ஒவ்வொன்றையும் ஒரு சிறு வண்ண ஓடாகக் கொண்டால் சுவரில் அதே மயில் எழும். ஓட்டைத் துடைக்கலாம், கிருமிநாசினியால் கழுவலாம். பட்டையே தொங்கவிட்டால் தூசு சேரும். கண்ணாடிச் சட்டத்துள் அடைத்து வரவேற்புக் கூடத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். சட்டக் கண்ணாடியில் சன்னல் வெளிச்சம் பட்டால் படம் மறைந்து விளக்குத்தான் தெரியும். இடம் பார்த்து மாட்டவேண்டும்.

நிற்பவன் கண்ணுயரத்தில் மாட்டுவதும் தவறு. தேர்வுக்குழுவினர் ஒருமுறையேனும் அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்துப் பார்க்கட்டும். மாதிரிப் படங்களைச் செவிலியரிடமும் நோயாளிகளிடமும் காட்டிக் கருத்துக் கேட்கட்டும். கூலியைத் தறிக்காரருக்கும் உள்ளூர் ஓவியருக்கும் நேரில் கொடுக்கட்டும். முதற் படம் பொதுப்பிரிவுக் கட்டிலுக்கு நேர் எதிரே. தலைமை மருத்துவர் அறைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.