சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு ரஃப் நோட்டு

கள்ளக்குறிச்சியில இருந்து வெள்ளிமலை பஸ்ல போயிருக்கீங்களா? கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி கல்வராயன் மலை ஏற ஏற, போன்ல சிக்னல் ஒவ்வொரு கோடா குறையும். லீவுக்கு மலையில இருக்கிற வீட்டுக்குப் போன நம்ம கிளாஸ்மேட், திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கணும்னா என்ன செய்வாங்க? நோட்டும் பேனாவும்தான். 'ஐயோ பாவம்' என்று நினைப்போம். ஆனால் வைவாவில், "இந்த சென்சாரை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டதும் திருதிருவென முழிப்பது, சீனியர் ரிப்போர்ட்டைக் காப்பி-பேஸ்ட் செய்த நாம்தான்!

காரணம் எளிது. டைப் செய்தால் வேகம். கண்ணில் பட்டதை அப்படியே இறக்கிவிடலாம். கையெழுத்து மெதுவானது. அதனால் எது தேவை, எது வேண்டாம் என்று எழுதும் முன்பே மூளை தேர்ந்தெடுத்தாக வேண்டும். 2014-ல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் பாடத்தை வார்த்தைக்கு வார்த்தை பதிவு செய்தார்கள். கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விகளில் கையால் எழுதியவர்களே முந்தினார்கள். 2019-ல் வேறொரு குழு திரும்பச் செய்தபோது இவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆக, பேனா எடுத்தாலே மார்க் வந்துடாது. யோசிக்க அது கொடுக்கிற நேரத்தை நாமதான் பயன்படுத்தணும்.

நம்ம ஊர் உதாரணம், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1920-ல் அவர் மறைந்தார். அந்த நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கு நிரூபணங்களைத் தொகுத்து புரூஸ் பெர்ன்ட் 5 தொகுதிகள் வெளியிட்டு முடிக்க 1998 ஆனது. வழி அழிந்துபோனால், முடிவு சரியாக இருந்தாலும் விளக்குவது அவ்வளவு கஷ்டம். நமக்குக் காகிதப் பஞ்சம் இல்லை. அதனால அழிக்காதீங்க.

இன்னைக்கே செய்து பாருங்க:

1. போனைப் பையில போட்டுட்டு 20 நிமிஷம் உட்காருங்க.
2. முதல் வரியில், 'என்ன பிரச்சனை? ஏன் இந்த வழி?' என்று எழுதி, பதிலை உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க.
3. பக்கத்தில் பாதியைக் காலியா விடுங்க. பிளாக் டயகிராம், அம்புக்குறி, திடீர்னு தோணுற ஐடியா எல்லாம் அங்கே வரும். புது யோசனை பெரும்பாலும் இந்தக் கிறுக்கல்லதான் பிறக்கும்.
4. தப்பை ஒரே கோடு போட்டு அடிங்க. கீழே இருப்பது படிக்கத் தெரியணும். ஏன் அடிச்சோம்னு ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதுங்க.
5. அப்புறம் லேப்டாப்பைத் திறங்க. டைப் செய்யும்போதே இன்னொரு முறை திருத்திடுவீங்க.

கோடு எழுத, கிராஃப் போட லேப்டாப் வேணும்தான். முதல் டிராஃப்டை மட்டும் நோட்டுல போடுங்க. வைவாவுக்கு முந்தின ராத்திரி, நீங்க கோடு போட்டு அடிச்ச வரிகளை ஒருமுறை படிச்சுட்டுப் போங்க. "ஏன் இதை எடுத்தீங்க?"ன்னு கேட்டா, பதில் அங்கேயே இருக்கும்.