தானாகவா? எப்படி?

போன தேர்வில் நான் எழுதிய ஒரு வரியின் கீழே உயிரியல் டீச்சர் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். "செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் தானாகத் தோன்றுகின்றன" என்பதுதான் அந்த வரி. பக்கத்தில், "தானாகவா? எப்படி?" என்று எழுதியிருந்தார். மார்க் குறைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன், நண்பர்களே!

நம் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதம் எப்போதும் நிறைய இருக்கும். அது வரிசையாக அடுக்கிக்கொண்டால் நுண்குழல். விட்டம் வெறும் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 40,000 குழல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்! செல் பிரியும் நேரம் வந்ததும் பழைய குழல்கள் கலைந்து, அதே டியூபுலினைக் கொண்டு கதிர்கோல் கட்டப்படுகிறது.

இதற்கு உத்தரவு போடுவது பாஸ்பேட். கைனேஸ் என்ற நொதி ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். பாஸ்பட்டேஸ் என்ற நொதி அதைப் பிய்த்து எடுக்கும். அவ்வளவுதான் விஷயம். இத்தனூண்டு பாஸ்பேட் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அதில் எதிர் மின்சுமை இருக்கிறது. அது ஒட்டியதும் புரதத்தின் வடிவமும் பிடிப்பும் மாறிவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் உதாரணம். ஸ்டாத்மின் என்று ஒரு புரதம், டியூபுலினை அடுக்க விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். செல் பிரியத் தொடங்கும்போது சி.டி.கே.1 முதலிய கைனேஸ்கள் அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. உடனே பிடி தளர்கிறது, டியூபுலினுக்கு விடுதலை, குழல்கள் வளர்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். நம் செல்லில் 46 குரோமோசோம்கள். ஒவ்வொன்றும் இரட்டையாகி ஒட்டி நிற்கும். ஜோடியில் ஒன்றை இந்தத் துருவத்துக் குழலும், மற்றதை அந்தத் துருவத்துக் குழலும் பிடிக்கணும். இரண்டையும் ஒரே பக்கம் பிடித்துவிட்டால் ஒரு செல்லுக்கு 47, இன்னொன்றுக்கு 45 என்று ஆகிவிடும். கண்ணே இல்லாத செல், தப்பை எப்படிக் கண்டுபிடிக்கும்?

வாளியில் கயிறு கட்டினால் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே, அதே மாதிரிதான்! இரண்டு பக்கமும் சரியாகப் பிடித்திருந்தால் நடுவில் இழுவிசை இருக்கும். தப்பாகப் பிடித்திருந்தால் தொய்வாக இருக்கும். தொய்வாக இருக்கும்போது, ஜோடியின் நடுவே இருக்கும் அரோரா பி என்ற கைனேஸுக்குப் பிடிக்கும் புரதம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது பாஸ்பேட்டை ஒட்டிவிடும். நுண்குழலின் மேற்பரப்பிலும் எதிர் மின்சுமைதான். அதனால் பிடி நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து. சரியாகப் பிடித்து இழுபட்டாலோ, பிடிக்கும் புரதம் அரோராவின் கைக்கு எட்டாமல் விலகிப்போகும். பாஸ்பேட் நீங்கும், பிடி நிலைக்கும்.

இழுவிசைதான் முக்கியம் என்பதை அமெரிக்காவில் புரூஸ் நிக்லஸ் 1969லேயே காட்டினார். வெட்டுக்கிளியின் விந்தணுவை உண்டாக்கும் செல்லில், தப்பாகப் பிடிபட்ட குரோமோசோமை மெல்லிய கண்ணாடி ஊசியால் இழுத்துப் பிடித்தார். வழக்கமாக விட்டுப்போகும் அந்தத் தப்பான பிடி, அவர் இழுத்துக்கொண்டிருந்த வரை விடவில்லையாம்! ஊசியின் இழுப்பில் செல் ஏமாந்துபோனது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். (நமக்கு ஊசியில் நூல் கோக்கவே கை நடுங்கும்.)

எல்லா ஜோடியும் சரியானதும் சி.டி.கே.1இன் துணையான சைக்ளின் அழிக்கப்படுகிறது, பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டைக் கழற்றுகின்றன, செல் இரண்டாகிறது.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் வெங்காய வேர் ஸ்லைடு வைக்கப்போகிறோம். பாஸ்பேட்டை நம் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. ஆனால் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் ஒரு செல்லையாவது தேடிக் கண்டுபிடியுங்கள். டீச்சரிடம் இந்த விடையைச் சொன்னேன். "சரி, அந்த சைக்ளினை அழிப்பது யார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி