வயிறு நிறைந்த மாடு ஏன் பால் தரவில்லை?

"மாடு வயிறு முட்டத் தின்னுது, பால் மட்டும் ஏற மாட்டேங்குது." பால் மாடு வளர்க்கும் நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறையை அடிக்கடி கேட்கலாம். பேராக்கில் பன்னிரண்டு மாடுகள் வைத்திருக்கும் என் பெரியப்பாவும் இதையேதான் சொல்வார். பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு, தீவனப் பாடத்தில் இதற்கு விடை கிடைத்தது. அந்த விடை, நாம் அறுத்துப் போடும் புல்லின் வயதில் இருக்கிறது.

சந்தையில் வெண்டைக்காய் வாங்கும் அம்மாமார்கள் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவார்கள். பிஞ்சு பட்டென்று ஒடியும். முற்றியது நாராக வளையும். புல்லும் அப்படித்தான். வளர வளர இலை குறைந்து தண்டு கூடுகிறது. தண்டு நிமிர்ந்து நிற்க லிக்னின் என்ற மரச்சத்து அதற்குள் படிகிறது. மரத்தைக் கெட்டியாக்குவதும் இதே லிக்னின்தான். மாட்டின் வயிற்றில் அது செரிக்காது. அதோடு ஒட்டியிருக்கும் நல்ல நாரையும் செரிக்க விடாது.

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

நாம் புல்லைத் தின்றால் சத்து கிடைக்காது. மாட்டுக்கும் புல்லின் நாரைச் செரிக்கும் திறன் சொந்தமாக இல்லை. அதன் முதல் இரைப்பையான பெருவயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை நாரைப் புளிக்க வைத்து அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்றான அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு மாட்டின் மடி பால் கொழுப்பைத் தயாரிக்கிறது. ஆக, நார் என்பது கழிவு அன்று, பாலின் மூலப்பொருள்.

அந்த நாரை அளக்க 1960களில் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் வான் சோஸ்ட் ஒரு முறையை உருவாக்கினார். புல்லைச் சோப்புத்தூள் போன்ற ஒரு கரைசலில் கொதிக்க வைத்தால் சர்க்கரை, புரதம் போன்றவை கரைந்து போகும். கரையாமல் எஞ்சுவதே புல்லின் நார். அதைச் சுருக்கமாக 'என்.டி.எஃப்.' என்கிறோம். உலகெங்கும் தீவன ஆய்வுக்கூடங்களில் இன்றும் இந்த முறைதான் பயன்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

நார் மெதுவாகத்தான் செரிக்கும். பழையது வெளியேறினால்தான் புதியதற்கு இடம். பால் மாடு ஒரு நாளில் தன் உடல் எடையில் ஏறத்தாழ 1.2 விழுக்காடு அளவுக்கு இந்த நாரை உண்ணும் என்பது டேவிட் மெர்டென்ஸ் என்ற ஆய்வாளர் 1980களில் தந்த தோராயக் கணக்கு. 450 கிலோ எடையுள்ள மாட்டுக்கு அது 5.4 கிலோ.

மாடு புல் மட்டுமே தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தை நீக்கிய இளம்புல்லில் நார் 60 விழுக்காடு என்றால், மாடு 9 கிலோ உலர்புல்லுக்கு ஈடான அளவு தின்னும். முற்றிய புல்லில் நார் 72 விழுக்காடு என்றால், 7.5 கிலோவிலேயே வயிறு நிறைந்துவிடும். பார்க்க இரண்டு மாடுகளின் வயிறும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ உணவு குறைவு. உண்டதிலும் செரிப்பது குறைவு. பெரியப்பாவின் கேள்விக்கு விடை இதுதான்: வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு.

புரதமும் வயதோடு இறங்குகிறது. நன்கு உரமிட்ட இளம் நேப்பியர் புல்லில் புரதம் 10 விழுக்காட்டைத் தாண்டும். முற்றிய புல்லில் 7 விழுக்காட்டுக்கும் கீழே போகலாம். அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால் பெருவயிற்று நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். பிறகு நாரை யார் செரிப்பது?

மூட்டைத் தீவனம் போதாதா?

பால் குறைந்தால் பலரும் உடனே இன்னொரு மூட்டை வாங்குகிறார்கள். நம் நாட்டில் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு எளிதில் கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ 16 விழுக்காடு புரதமும் உண்டு. நல்ல தீவனம்தான். ஆய்வுக்கூடத்தில் அளந்தால் நாரும் நிறைய இருக்கும். ஆனால் அது பொடிப் பொடியான நார். மாட்டை அசைபோட வைக்கும் நீளம் அதற்குக் கிடையாது.

அசைபோடுவது ஏன் முக்கியம்? நன்கு நீளமான புல் தின்னும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். உண்ணும்போதும் அசைபோடும்போதும் சுரக்கும் எச்சில் ஒரு நாளைக்கு நூறு லிட்டரைத் தாண்டும். அந்த எச்சிலில் சமையல் சோடாவில் உள்ள அதே உப்பு இருக்கிறது. அதுதான் பெருவயிற்றின் புளிப்பை அடக்குகிறது. புல்லைக் குறைத்து, மாவும் தவிடும் பொடித் தீவனமும் கூட்டினால் எச்சில் குறையும், புளிப்பு ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். கொழுப்பைப் பார்த்து விலை போடும் இடத்தில் அது நேரே வருமானத்தில் கை வைக்கும். நாளடைவில் மாட்டின் குளம்பும் பாதிக்கப்படும்.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. மாடுகள் படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் தொழுவத்தில் நின்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

ஆறு பாத்தி, ஆறு வாரம்

பெரியப்பாவின் தொழுவத்துக்குப் பின்னால் இரவலாகக் கிடைத்த அரை ஏக்கரில் நேப்பியர் நிற்கிறது. ஆள் உயரம் தாண்டட்டும், நிறையப் புல் கிடைக்கும் என்று அவர் காத்திருப்பார். எடை கூடுவது உண்மைதான். கூடுவதில் பெரும்பங்கு தண்டு. சென்ற விடுமுறையில் அந்த நிலத்தை ஆறு பாத்திகளாகப் பிரித்தோம். வாரம் ஒரு பாத்தி அறுத்தால், அறுத்த பாத்திக்கு 42 நாள் கழித்துத்தான் மறுபடி முறை வரும். அறுத்ததும் சாணத்தை அந்தப் பாத்திக்கே போடுகிறோம்.

"இவ்வளவு பிஞ்சா அறுத்தா மாடு கழியாதாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று வாரப் புல் என்றால் தண்ணீர்தான் அதிகம். சாணம் இளகும், தூரும் பலவீனமாகும். அதனால்தான் ஆறு வாரம் என்றேன். இப்போது தொட்டியில் மிஞ்சும் தண்டு வெகுவாகக் குறைந்திருக்கிறது. வெயில் தணிந்த பிறகு புல்லின் பெரும்பங்கைப் போடுகிறார். நார் செரிக்கும்போது மாட்டின் உடலில் சூடு எழும். நம் ஊர் உச்சி வெயிலில் மாடு அதைத் தாங்காமல் தீவனத்தை ஒதுக்கிவிடும்.

ஆனால் பன்னிரண்டு மாட்டுக்கு அரை ஏக்கர் போதாது. மிச்சப் புல்லுக்குச் சாலையோரமும் செம்பனை ஓரமும்தான் கதி. அங்கே புல்லின் வயது நம் கையில் இல்லை. எங்கே எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்பதும் தெரியாது. அந்த இரவல் நிலத்தையும் உரிமையாளர் எப்போது திருப்பிக் கேட்பாரோ என்ற பயம் பெரியப்பாவுக்கு உண்டு. நம்மவர்கள் மாட்டுத் தொழிலை விடுவதற்குப் பிள்ளைகளின் விருப்பமின்மை மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. புல்லுக்கு நிலம் இல்லாதவரிடம் எந்த உயர்ந்த இனப் பசுவைக் கொடுத்தாலும் அது வயிறு நிறைந்து, பால் வற்றித்தான் நிற்கும்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, கால்நடைத் துறையையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். வேதியியலும் உயிரியலும் இங்கே ஒரு குடும்பத்தின் வருமானமாக மாறுவதை நேரில் காணலாம். உங்கள் உறவில் யாராவது மாடு வைத்திருந்தால், "எத்தனை லிட்டர் கறக்குது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "புல்லுக்கு எத்தனை வாரம் ஆச்சு?" என்றும் கேளுங்கள்.