அவையறிதலே முதற்படி

சங்கக் கூட்டங்களில் பேச அழைத்தால், "எனக்கு மேடைப் பேச்சு வராது" என்று ஒதுங்கும் அன்பர்கள் பலர். அவர்களுக்குப் பயன்படுமாறு, பேச்சுக்கலைக்குரிய சில சொற்களை எடுத்துரைக்க விழைகிறோம். நாம் பெரும்புலவர் அல்லோம். மெட்ரிக் வரை கற்று, ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். எனினும் மேடையில் ஒருமுறை தவறிப்போன பட்டறிவு நமக்கு உண்டு. அதனையே முதற்கண் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்முடன் பார்சல் பகுதியில் பணிபுரிந்த தமிழன்பர் ஒருவர் காலமானார். இவ்வூருக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், அவர் ரயிலடிக்கே சென்று எதிர்கொள்வார். முதல்நாள் உணவு அவர் வீட்டில்தான். நாம் கைக்குழந்தையுடன் விடியற்காலைக் குளிரில் வந்திறங்கியபோது, சுடுபால் நிறைந்த பிளாஸ்குடன் பிளாட்பாரத்தில் நின்றவர் அவரே.

இரங்கற் கூட்டத்தில் பேசும் பொறுப்பு நமக்கு வந்தது. மூன்று இரவுகள் கண்விழித்து, நிலையாமையைப் பற்றி அடுக்குமொழியில் ஓர் உரை எழுதி மனனம் செய்தோம். மேடை ஏறியதும் நா உலர்ந்தது, கால்கள் நடுங்கின. இடையில் ஒரு தொடர் மறந்தது. அதனோடு பின்வந்த யாவும் மறைந்தன. நன்றி கூறி அமர்ந்துவிட்டோம். முன்வரிசையில் அவர் துணைவியாரும், இந்திப் பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகளும் இருந்தனர்.

வீடு திரும்பும் வழியில் நம் மகள் கேட்டாள்: "அப்பா, மாமா ஸ்டேஷனுக்குப் பால் கொண்டு வந்ததை ஏன் சொல்லவே இல்லை?" நாம் விடை கூற இயலாது நடந்தோம்.

நிற்க. திருக்குறளில் பேச்சுக்குரிய அதிகாரங்கள் சில உள. 65ஆம் அதிகாரம் சொல்வன்மை, 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. இறுதி இரண்டின் வரிசையைக் கருதுக. அவையை அறிதல் முன்னும், அவைக்கு அஞ்சாமை பின்னும் நிற்கின்றன. நாமோ முன்னதை விடுத்துப் பின்னதற்கு முயன்றோம்.

அவையறிதலாவது, கேட்போர் யாவர், அவர் அறிந்தது எது, எதனைக் கேட்க வந்துள்ளனர் என்பவற்றை உணர்தல். முகவரிச் சீட்டு ஒட்டாத மூட்டை எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருப்பினும் உரிய ஊர் சேராது. அவையறியாப் பேச்சும் அத்தகையதே. வடபுலத்தில் வாழும் நம் அவையோ பலதிறத்தது. தமிழ் நூல்கள் பயின்ற முதியோர் ஒருபால். வீட்டில் மட்டும் தமிழ் பேசும் சிறார் ஒருபால். இருவரையும் மனத்திற் கொண்டே நாம் பேச வேண்டும்.

அங்ஙனமாயின் நல்ல தமிழைக் கைவிடுவதோ? வேண்டுவதில்லை. மேடைத் தமிழை வளர்த்தோருள் தலைசிறந்த திரு.வி.க. தமிழாசிரியராய் இருந்தவர். 1917 முதல் 'தேசபக்தன்' ஏட்டின் ஆசிரியர். 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டங்களில் அவர் ஆலைத் தொழிலாளரிடையே நற்றமிழிலேயே பேசினார். கூறும் பொருள் கேட்போரின் வாழ்வாக இருப்பின், நற்றமிழ் தடையாவதில்லை.

அடுத்தது அவையஞ்சாமை. அச்சமே தோன்றாமை என்று இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டா. 1893 செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பேசிய சுவாமி விவேகானந்தரும் அஞ்சினார். தம் நெஞ்சு படபடத்ததையும், நா உலர்ந்ததையும், காலையில் பேசத் துணியாது பிற்பகலிலே எழுந்ததையும், சென்னை அன்பர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே கூறியுள்ளார். அச்சம் வருக, அதனோடு எழுந்து நிற்றலே அஞ்சாமை.

மூன்றாவது அவையடக்கம். பேரவையின் முன் தம் குறையை உணர்ந்து பணிவுடன் தொடங்கும் இம்மரபினைக் கம்பராமாயணம் முதலிய காப்பியங்களிற் காணலாம். இக்காலத்து மேடையில் இதற்கு ஓரிரு தொடர் போதும். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கால்மணி நேரம் கூறுதல் அடக்கமன்று; பிறர் பொழுதைக் கவர்தலாகும்.

இனி உரையின் உறுப்புகள்: எடுப்பு, பொருள், முடிப்பு என மூன்று. வரவேற்புரை, வாழ்த்துரை, இரங்கலுரை, நன்றியுரை என உரை எவ்வகைத்தாயினும் இவை வேண்டும். முழு உரையையும் மனனம் செய்யாது, எடுப்பையும் முடிப்பையும் மட்டும் உறுதி செய்துகொண்டு, இடையிற் கூறவேண்டிய இரண்டு மூன்று செய்திகளைச் சிறு சீட்டில் குறித்துக்கொள்க. ஒரு சொல் மறப்பின் வேறொரு சொல் வரும், பொருள் மறவாது.

அளவும் ஒரு பண்பே. 1863 நவம்பர் 19இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் நகரில், போரில் மாண்டோரின் கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவைக்கும் விழாவில், எவரெட் என்னும் நாவலர் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் எழுந்த ஆபிரகாம் லிங்கன் பேசியவை ஏறத்தாழ 270 சொற்களே. உலகம் நினைவிற் கொண்டது லிங்கன் உரையை. தாம் இரண்டு மணி நேரத்தில் அணுக முயன்ற கருத்தை லிங்கன் இரண்டு நிமிடத்தில் அணுகினார் என மறுநாள் எவரெட்டே கடிதம் எழுதிப் பாராட்டினார்.

குரலின் ஏற்றத்தாழ்வு, இடைநிறுத்தம், கையசைவு ஆகியவை பழகப் பழக வரும். ஒலிபெருக்கியின் முன் கூவுதல் வேண்டா. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியை நோக்கிப் பேசினால், குரல் தானே சீர்ப்படும்.

நம் தவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. சில நாள் கழித்து அவ்வன்பரின் இல்லம் சென்றோம். குளிர்காலத்து விடியலையும் சுடுபாலையும் பற்றி, சீட்டேதுமின்றி, பிள்ளைகளுக்கு விளங்குமாறு கூறினோம். கேட்டவர் மூவரே. நா உலரவில்லை. அவ்வம்மையார் நெடுநேரம் பேசாதிருந்து, "தம்பி, இதை அன்றைக்கே எல்லார் முன்னும் சொல்லியிருக்கக் கூடாதா? அவர் இப்படியெல்லாம் செய்தார் என்று பிள்ளைகளுக்கே இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

அன்பர்களே! வரும் பொங்கல் விழாவில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவரேனும், சிறப்பாக ஒரு சிறுவரேனும், மூன்று நிமிடம் தமிழிற் பேச முன்வருக. பொருளைத் தேடி அலைய வேண்டா. உங்கள் குடும்பத்தை இவ்வூரில் முதன்முதல் எதிர்கொண்டவர் யார் என்று கூறுங்கள். அவர் கேட்டிருக்கும்போதே கூறுங்கள்.