நீரின் போக்கறிந்து வகுக்கும் மலைப்பாதை

மலைகளில் உலாவுவோருக்கென அமைக்கப்படும் ஒற்றையடிப் பாதைகள் காலடி பட்டே தேய்ந்து அழிகின்றன என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் காலடிகள் செய்வதெல்லாம் புல்பூண்டை அகற்றி, மண்ணை இறுக்கி, மழைநீருக்கு ஒரு தடம் திறந்துவிடுவதே. அத்தடத்தின் வழியே மண்ணை வாரிக்கொண்டு போவது நீர்தான். ஆகவே, நிலைத்து நிற்கும் பாதையை வகுக்க முனைபவர், நடப்பவரின் விருப்பத்தை அறிவதற்கு முன்பே நீரின் போக்கை அறிந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜியா முதல் மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை, இவ்வுண்மையைப் பட்டறிவால் கற்றுத் தந்த ஒன்றாகும். பென்டன் மெக்காய் 1921இல் முன்மொழிந்த இப்பாதை, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் 1937இல் முழுமை பெற்றது. மலையுச்சியை விரைவில் எட்டும் ஆவலில் சரிவின் போக்கிலேயே நேராக ஏற்றப்பட்ட பாதைகள் மழைக்காலத்தில் ஓடைகளாக மாறுவது இயல்பு. ஓடையான பாதையில் சேறும் உருளும் கற்களும் நிறைவதால் நடப்பவர்கள் ஓரமாக ஒதுங்கி நடக்க, ஓரமும் தேய்ந்து, ஓரடித் தடம் சில ஆண்டுகளில் பல அடி அகன்றுவிடுகிறது.

இதற்கு மாற்றாக, மலையின் பக்கவாட்டில், ஒரே உயரத்தில் அமைந்த இடங்களை இணைக்கும் கோட்டை ஒட்டிப் பாதை மெல்ல ஏறுமாறு வகுக்கப்படுகிறது. மலைச்சரிவின் அளவில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகலாகாது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பாதி விதி. 100 மீட்டருக்கு 16 மீட்டர் சரியும் மலைப்பக்கத்தில் பாதை 8 மீட்டருக்கு மேல் ஏறினால், நீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையோடே ஓடத் தொடங்கிவிடும். சரிவு எத்துணை மிகுந்திருப்பினும், பாதையின் சராசரி ஏற்றம் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 10 மீட்டர் என்ற அளவைத் தாண்டாதிருப்பது நலம். மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் வாட்டம் கொடுப்பதுபோல், பாதையின் மேற்பரப்பும் பள்ளத்துப் பக்கமாகச் சற்றே சாய்த்து அமைக்கப்படுகிறது. நடமாட்டத்தில் அந்த வாட்டம் நாளடைவில் குழிந்துவிடும் என்பதால், ஏறிச் செல்லும் பாதையை இடையிடையே சில அடி இறக்கி மீண்டும் ஏற்றுவர். அத்தாழ்விடத்தை அடைந்த நீர் மேற்கொண்டு ஓட வழியின்றி வெளியே வடிந்துவிடுகிறது. எளிய உத்திதான் என்றாலும், பாதை வகுப்போரின் நுண்ணறிவு இதில் போல வேறெதிலும் வெளிப்படுவதில்லை.

நெடிதாக வளைத்துச் செல்ல இடமில்லாத செங்குத்துச் சரிவுகளில் மண்பாதை தாங்காது, கல்லே வேண்டும். அப்பலாச்சியன் நடைபாதையின் முதற்பகுதி 1923இல் திறக்கப்பட்ட நியூயார்க் மாநிலத்துப் பேர் மவுண்டன் என்னும் மலையில், மிகுந்த நடமாட்டத்தாலும் அரிப்பாலும் சீர்குலைந்த பாதைக்கு மாற்றாக, 2006 முதல் 2018 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருங்கற்படிகள் பதிக்கப்பட்டன. பாறையில் துளையிட்டு, இரும்புத் தகடுகளுக்கிடையே ஆப்பு இறக்கிப் பிளந்த கற்கள், மரங்களுக்கிடையே கட்டிய இரும்பு வடத்தில் தொங்கவிடப்பட்டு உரிய இடங்களுக்குக் கொண்டு சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியின் பின்விளிம்பில் ஏறி அமர்ந்து, தன் எடையாலேயே அதை அழுத்திப் பிடிக்கிறது. படிகளின் இருபுறமும் ஒழுங்கற்ற பெருங்கற்களை நட்டுவைப்பதும் அழகுக்காக அன்று. படியைவிட ஓரம் எளிதாகத் தோன்றினால் மனிதர் ஓரத்திலேயே நடப்பர், அதனால் படியின் பக்கத்து மண் அரித்துப் படியே பெயர்ந்துவிடும்.

பாதையைக் கட்டி முடித்ததோடு பணி நின்றுவிடுவதில்லை. இலையுதிர்காலத்துச் சருகுகள் தாழ்விடங்களின் வடிவாயை அடைத்துவிடுவதால், பாதையின் ஒவ்வொரு பகுதியையும் பொறுப்பேற்றிருக்கும் சங்கங்களின் தன்னார்வலர்கள் மண்வெட்டியும் வாருகோலும் ஏந்தி வந்து, மறுமழைக்கு முன் அவற்றைத் திறந்துவிடுகின்றனர்.